கிளியர்

முதுகுதான் முதலில் வருகிறது. என் முதுகு. இத்தனை அகலமா எனக்கு என்று இருக்கிறது, யாருக்குத்தான் தன் முதுகைச் சரியாகப் பார்க்க வாய்த்தது, கண்ணாடி முன்னால் எவ்வளவு திரும்பினாலும் தோள்பட்டையோடு நின்றுவிடும், அதற்குமேல் போனால் கழுத்து சுளுக்கும். திரையில் அது சுவர் மாதிரி நிற்கிறது. ரவிக்கைக்கு மேலே வியர்வை ஒரு கோடாக இறங்குகிறது, கேமராவும் அந்தக் கோட்டோடு கூடவே இறங்குகிறது, சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள் இந்த அனகா. சோபாவின் அந்தக் கோடியில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு, தான் எடுத்த படத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கட்டும். என் முகத்திலிருந்து ஒன்றையும் எடுக்க முடியாது அவளால், புரொடக்‌ஷன் மேனேஜர்களோடு மல்லுக்கட்டியே கெட்டிப்பட்ட முகம் இது. வெளியே சாலிகிராமம் முழுக்க மதிய வெயில் காய்கிறது, இந்த எடிட்டிங் அறைக்குள் மட்டும் ஏசி போட்டு மார்கழி ஆக்கி வைத்திருக்கிறார்கள், குளிர் நேராக என் முழங்காலைத் தேடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. மெஷின் முன்னால் ரஷீத், எடிட்டர், வாயைத் திறக்காத பிள்ளை. படத்துக்கு இன்னும் சத்தம் கிடையாது. ஷூட்டிங் அன்றைக்குக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் எல்லாச் சத்தத்தையும் தின்றுவிட்டது, அதனால் ஒருமுறை பார்த்துவிட்டுப் பக்கத்து அறையில் மைக் முன்னால் நின்று என் மூச்சையும் காலடியையும் நான் மறுபடி கொடுக்க வேண்டும், என்னோடு ஆடிய ஜோயல் நேற்றே வந்து அவனுடையதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டானாம். சாயங்காலத்துக்குள் வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டால் அவ்வளவுதான், அதன்பிறகு ஒரு ஃப்ரேமைக்கூட அசைக்க முடியாது. முடிவை அன்றைக்கு இரண்டு தடவை எடுத்தோம். ஒன்றில் நான் போய்விடுகிறேன், ஒன்றில் நிற்கிறேன். எதை வைத்திருக்கிறாய் என்று வாசலிலேயே கேட்டேன். பாருங்கக்கா என்றாள். பாருங்கக்கா என்று சொன்னவர்களையெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பாடு என்ன ஆச்சு என்று கேட்டால் பாருங்கக்கா, பெண்கள் உடுப்பு மாற்ற இடம் எங்கே என்றால் பாருங்கக்கா. அந்த வார்த்தைக்கு 'இல்லை' என்பதுதான் அர்த்தம்.

இதோ ஜோயல். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம், நீள நீளமாக பெஞ்சு மேஜை, சுவரோரமாக வரிசையாகக் கை கழுவும் குழாய்கள், அந்தக் கடைசியில் அவன் நாற்காலியில், இந்தக் கடைசியில் நான், நடுவில் இப்போதுதான் துடைத்த ஈரத்தரை. வேறு யாரும் இல்லை, இலை இல்லை, பாட்டு இல்லை. இந்த மாதிரி ஆட்டத்தைக் கண்டெம்பரரி என்கிறார்கள். இதற்கு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக் கத்த டான்ஸ் மாஸ்டர் கிடையாது, எதிராளியின் மூச்சைப் பார்த்துத்தான் அசைய வேண்டும். அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளுகிறான், நான் எழுந்திருக்கிறேன். இல்லை, இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அன்றைக்கு நான் எழுந்த பிறகுதான் அவன் தள்ளினான், ரஷீத் வெட்டி ஒட்டியிருக்கும் விதத்தில் அவன் தள்ளியதால் நான் எழுந்ததாக ஆகிவிட்டது. ஒரு கத்தரி போதும், யார் தொடங்கினது என்பதையே மாற்றிவிடலாம். சரி, இருக்கட்டும், சின்ன விஷயம், எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நின்றால் பெரிதுக்குக் குரல் இருக்காது. நாகர்கோவில் பையன் இந்த ஜோயல், பெங்களூரில் போய் இதைப் படித்தவன். முதல் நாள் ஒத்திகையில் என்னை ஆன்ட்டி என்றான். ஆன்ட்டி உங்க வீட்டுல இருப்பாங்க, நான் சகாயமேரி என்றேன், அன்றிலிருந்து மேரிக்கா. தோளைக் காட்டிக்கொண்டு நின்றான். வெயிட்டைக் குடுங்கக்கா என்றான். எனக்கு முதலில் புரியவே இல்லை. சாயச் சொல்கிறான். சாய்ந்தேன், சாய்ந்ததாகத்தான் நினைத்தேன், அவன் சிரித்துக்கொண்டே, நீங்க இன்னும் உங்க கால்லதான் நிக்கிறீங்க என்றான். வேற எவன் கால்லடா நிக்கச் சொல்ற என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், ஆனால் அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவும்போது அதுவே ஓடிக்கொண்டிருந்தது. சினிமாப் பாட்டுகளில் குரூப்பில் ஆடிய காலத்தில் கதாநாயகியைத் தூக்கியிருக்கிறேன், பல்லக்கைத் தூக்கியிருக்கிறேன், தெர்மாகோல் மலையைத் தூக்கிக்கொண்டு இடுப்பை ஆட்டியிருக்கிறேன். உன் எடையை என்னிடம் கொடு என்று ஒருத்தன் வாயிலிருந்தும் வந்ததில்லை, கட்டினவன் வாயிலிருந்தும் வந்ததில்லை, அவன் போகும்போதுகூட ஒரு பையைத் தூக்கிக்கொடு என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். எடையைக் கொடுக்கத் தெரியவில்லை எனக்கு. வாரக் கணக்கில் அவன் தோளுக்கும் எனக்கும் நடுவில் ஒரு இழை இடைவெளி நின்றது, அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

இது மணிக்கட்டு இடம். இது எனக்குப் பிடித்த இடம். இரண்டு பேரும் ஒருத்தர் மணிக்கட்டை ஒருத்தர் பிடித்துக்கொண்டு எதிரெதிராகப் பின்னால் சாய்கிறோம், தரை ஈரம், யார் விட்டாலும் இரண்டு மண்டையும் போகும். அனகா இதை வெட்டாமல் ஒரே மூச்சில் விட்டிருக்கிறாள், கேமராவும் அசையவில்லை, தலை முதல் கால் வரை இரண்டு பேரும் முழுசாகத் தெரிகிறோம், என் குதிகால் வழுக்குவதும் மறுபடி பிடிப்பதும் தெரிகிறது. இதை அவள் அன்பு என்கிறாள். இது பேரம். பேரம் பேசத் தெரிந்தவளுக்குத்தான் இது புரியும், விலகினால்தான் கயிறு விறைக்கும், விறைத்தால்தான் எதிராளியின் பலம் உன் கைக்கு வரும், ஆனால் விடக் கூடாது, விட்டால் நீயும் விழுவாய். இப்போது நான் டான்ஸர்களை அனுப்புகிற வேலை பார்க்கிறேன், எந்தப் படத்துக்கு எத்தனை பெண்கள் வேண்டும் என்றாலும் வடபழனியில் என்னிடம்தான் வர வேண்டும், ஆனால் அதற்கு நான் வந்த வழி இந்தச் சாய்வுதான். வால்பாறைப் பக்கம் ஒரு மழைப்பாட்டு. பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் நனைந்த புடவை, மாற்றிக்கொள்ள மறைப்பு இல்லை, ஒரு தார்ப்பாயைக் கட்டிக் கொடுங்கள் என்றால் வேனுக்குப் பின்னால் மாற்றிக்கோங்க என்கிறான் மேனேஜர், வேனுக்குப் பின்னால் லைட் பையன்கள் பீடி பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் நடு ரோட்டில், கேமரா பார்க்கிற இடத்தில், அப்படியே உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததும் அத்தனை பேரும் உட்கார்ந்தார்கள். மழை பெய்கிறது, வெளிச்சம் போகிறது, மேனேஜர் என் அம்மாவையும் அவள் அம்மாவையும் இழுத்துப் பேசுகிறான், நான் சேற்றில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கூடாரம் வந்தது. கூடாரம் மட்டுமா, சுடுதண்ணீரும் வந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் எனக்கு யாரும் வேலை தரவில்லை, அது வேறு கதை. இந்த அனகாவும் என்னைப் பிடித்தது பேரத்தில்தான். நாலு பெண்கள் வேண்டும் என்று ஆபீசுக்கு வந்தவள், நான் பேசப் பேச என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களே ஆடுங்கக்கா என்றாள். என்ன தந்திரம் இது, ஆளைக் குறைக்கப் பார்க்கிறாளா என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்க வேண்டுமோ என்னவோ.

அவன் என் மேல் ஏறுகிறான். நான் குனிந்து மேஜை மாதிரி ஆகிறேன், அவன் வலது காலை இடுப்பெலும்பு மேல் வைத்து, இடது காலைத் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்து, நிமிர்ந்து, கூரையில் ஓடாமல் நிற்கிற மின்விசிறியைத் தொடக் கை நீட்டுகிறான். கேமரா அவன் முகத்துக்குப் போய்விட்டது. என்ன முகம், கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுகிற சின்னப் பிள்ளை மாதிரி. நான் எங்கே. கீழே ஓரத்தில் ஏதோ நீலமாக ஒரு மேடு தெரிகிறது பார், அது நான். அதை எனக்குச் சரியாகக் கண்டுபிடிக்க வரும், பழக்கம். முதல் படம் வெளியானபோது அம்மாவை ராயபுரத்திலிருந்து பஸ் ஏற்றி மவுண்ட் ரோடு தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், பாட்டு வந்ததும் அம்மா எங்கடி எங்கடி என்று என் தொடையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள், நான் காட்டினேன், தோ அந்த ஓரம், அந்த முழங்கை. பாட்டு முடிகிற வரை அம்மா அந்த ஓரத்தையே உற்றுப் பார்த்தாள். இடைவேளையில் சொன்னாள், "இன்னாடி இது, முழங்கையப் பாக்கவா பஸ் ஏத்திக் கூட்டியாந்த, அதான் வூட்லயே தெனம் இடிக்குதே." அக்கம்பக்கம் சிரித்தது. நானும் சிரித்தேன், பிறகு பாத்ரூமில் போய் அழுதேன், அழுது முடித்ததும் அந்த முழங்கை நல்ல முழங்கைதான் என்று தோன்றியது, தாளத்தில் சரியாக இருந்தது, ஒருத்தியும் குறை சொல்ல முடியாது. நான் உயரம். அதுதான் சனியன். கதாநாயகியின் தோளுக்கு மேல் குரூப்பில் ஒரு தலை தெரிந்தால் மாஸ்டர் குச்சி பறந்து வரும், லைட் கம்பம் என்று எனக்குப் பேர், கம்பத்தைப் பின்னால் போடு, கம்பம் முட்டியை மடி, இன்னும் மடி. மடித்த முட்டியோடேயே ஆடினேன். டாக்டர் முட்டியின் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன வேலைம்மா பாத்தீங்க, மூட்டை தூக்குனீங்களா என்று கேட்டான், இல்லை சார், குள்ளமா இருந்தேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. திரையில் நீல மேடு கொஞ்சம் நடுங்குகிறது. அது நடிப்பு இல்லை. ஆனால் ஒன்று நடந்தது அந்த நிமிஷத்தில், கேமராவுக்குத் தெரியாது, ஜோயலுக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன், அவன் இறங்கும்போது சறுக்கினான், நான் அவனைப் பிடித்தேன், பிடித்த அதே அசைவில் என் எடை முழுவதும் அவன் மேல் போனது, போகவிட்டேன், கால் தரையில் இல்லை, வாரக் கணக்காக வராதது தானாக வந்தது. அவன் என் காதோரம் ம்ம் என்றான். இதோ அந்த இடம். வெட்டவில்லை. இருக்கிறது. இந்தப் பெண்ணுக்குக் கண் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. கண் இல்லாதவள் என்றால் கத்திவிட்டு எழுந்து போயிருப்பேன்.

முடிவு வரப்போகிறது. எனக்குத் தெரியும், குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகிறான், தண்ணீர் ஓடுகிறது, நான் பின்னாலேயே மூடிக்கொண்டே வருகிறேன், இது முடிந்தால் முடிவுதான். சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். இத்தனை சின்ன விஷயத்துக்கா. யார் பார்க்கப்போகிறார்கள் இதை, ஏதோ ஊரில் ஏதோ குளிரில் கோட்டு போட்ட நாலு பேர். இல்லை, பொய் சொல்லாதே, நான் ஆட அனுப்புகிற பிள்ளைகள் பார்ப்பார்கள். புஷ்பலதா பார்ப்பாள், அந்த வாயாடி, என் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு போனை எல்லாருக்கும் நீட்டுவாள், இத்தனை நாள் கடைசி வரிசையிலிருந்து முன்னால் வா முன்னால் வா என்று பிடரியில் கை வைத்துத் தள்ளினேனே, அத்தனை பேரும் பார்ப்பார்கள், அக்காவுக்கு ஒரே ஒரு படம், அதில் கூட வேறு யாரும் இல்லை, கதாநாயகி இல்லை, அந்தப் படத்திலும் அக்கா கடைசியில் காணாமல் போனால். முடிவு இப்படித்தான் அமைத்தது: ஜோயல் கேமராவை நோக்கி நடுவில் நடந்து வர வேண்டும், நான் பின்னால், அவன் திரும்ப வேண்டும், நான் கையை அவன் நெஞ்சில் வைக்க வேண்டும், முடிந்தது. முதல் தடவை எடுத்தபோது நான் வைக்கவில்லை. எப்படி என்று தெரியாது, அவன் திரும்பும்போது நான் அங்கே இல்லை, குழாய்ப் பக்கம் போய்விட்டிருந்தேன். தப்பாகிவிட்டது, இன்னொரு தடவை எடுங்கள் என்றேன். இந்த அனகா கண்ணில் தண்ணீரோடு மானிட்டரிலிருந்து எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், தப்பா, இதுதாங்க்கா என்றாள். என்ன இது, எது, என்று எனக்குப் புரியவில்லை, புகழ்கிறார்களே என்றுகூட இருந்தது, ஆனால் உள்ளே எங்கேயோ உப்புக் கரித்தது. விடாப்பிடியாக நின்று இன்னொரு தடவை எடுக்க வைத்தேன். அந்தத் தடவை நான் நகரவில்லை. கையையும் வைக்கவில்லை, ஏனோ கை எழவில்லை, கோபமோ என்னவோ, நின்றேன், அவ்வளவுதான். இதோ ஜோயல் கடைசிக் குழாயை விட்டான். வருகிறான். நடுவில் வருகிறான்.

போனேன். பார், போகிறேன். ரஷீத் இதைக் கொஞ்சம் மெதுவாக்கி வேறு வைத்திருக்கிறான். அவன் நடுக்கோட்டில் கால் வைத்த அந்தக் கணமே என் இடது தோள் இறங்குகிறது, அப்புறம் தலை தாழ்கிறது, அப்புறம் இடுப்பு பக்கவாட்டில் சறுக்குகிறது, முட்டி மடிகிறது, கடைசியாக, ஐயோ, கடைசியாக வலது கை முந்தானையைச் சுருட்டி வயிற்றோடு அமுக்கிக்கொள்கிறது, துணியின் நுனிகூட ஃப்ரேமுக்குள் மிஞ்சக் கூடாது என்று. எனக்கு இந்தக் கையைத் தெரியும். இந்தக் கையை அடித்து அடித்துப் பழக்கியிருக்கிறார்கள். ஹீரோ நடுவில் வந்தால் உதவி மாஸ்டர் மைக்கில் கத்துவான், கிளியர், ஒரே சத்தம், திரை விலகுகிற மாதிரி குரூப் இரண்டாகப் பிளந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும், பாவாடை நுனி உள்ளே நின்றால் அன்றைக்குச் சோறு இறங்காது, அத்தனை பேர் முன்னால் திட்டு விழும். இந்தச் சாப்பாட்டுக்கூடத்தில் யாரும் கத்தவில்லை. மாஸ்டர் இல்லை, மைக் இல்லை, ஹீரோகூட இல்லை, என் எடையை வாங்கிக்கொண்ட ஒரு பையன் நடந்து வருகிறான், நான் கிளியர் செய்துகொண்டு போய்விட்டேன். என் தோளே கத்திக்கொண்டது. திரையில் ஜோயல் திரும்புகிறான். யாரும் இல்லை. அந்த முகம், கடவுளே, அதில் பொய் இல்லை, நிஜமாகவே தேடுகிறான், நிஜமாகவே அவனுக்கு ஆள் இல்லை. காலி மேஜைகள். ஈரத்தரையில் என் கால் தடம், அது காய்கிறது, காய்வதைக்கூட எடுத்திருக்கிறாள். என் கண் நிறைகிறது, நாசமாய்ப் போக, எனக்கே அழுகை வருகிறது. நன்றாக இருக்கிறது. அதுதான் அக்கிரமம். இவ்வளவு நன்றாக என்னை ஒருத்தரும் எடுத்ததில்லை, எடுத்தது நான் இல்லாத இடத்தை.

படம் முடிந்து திரை கறுத்தது. ரஷீத் விளக்கைப் போட்டான். எப்படிக்கா என்றாள் அனகா. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தால் மைக் அறைக்குத்தான் போக வேண்டும். அவளே பேச ஆரம்பித்தாள். அந்த மறைவுதான் படம் என்றாள். எத்தனையோ பெண்கள் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல் வாழ்க்கையிலிருந்து மறைந்து போகிறார்கள், நீங்கள் அதை யோசிக்காமலேயே உடம்பால் சொல்லிவிட்டீர்கள், சொல்லிக்கொடுத்து வராது இது என்றாள். மனசாரத்தான் சொல்கிறாள், கள்ளம் இல்லை. மறைந்து போகிறார்களாம். மழை பெய்கிற மாதிரி, சாயங்காலம் ஆகிற மாதிரி. நான் சொன்னேன்.

"நான் எங்கயும் மறையலம்மா. கிளியர் பண்ணேன்."

புரியவில்லை அவளுக்கு. எழுந்து காட்டினேன். சோபாவுக்கும் மேஜைக்கும் நடுவில் இருந்த இடத்தில், தோள் எப்படி இறங்கும், தலை எப்படித் தாழும், கை எதற்குத் துணியைச் சுருட்டும், எல்லாம் காட்டினேன், கத்துகிறவன் குரலையும் போட்டுக் காட்டினேன், ரஷீத் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வாயைப் பிளந்தான். கிளியர் என்று சொல்லும்போது என் தொண்டையே எனக்குப் பழைய உதவி மாஸ்டர் மாதிரி கேட்டது. அனகா அசையாமல் பார்த்தாள். அவமானத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டேன், இனி புரியாமல் எப்படிப் போகும் என்று உட்கார்ந்தேன். அவள் கண் பளபளத்தது. அக்கா, இது இன்னும் பெரிசுக்கா என்றாள். அப்போ கண்டிப்பா இதுதான் முடிவு என்றாள். இவளிடம் என்ன கொடுத்தாலும் எடுத்துச் சட்டம் போட்டு மாட்டிவிடுகிறாள். காயம் என்று காட்டினால் அடடா என்ன நிறம் என்கிறாள். அழகாக அழுதுவிட்டுப் போவார்கள் அந்தக் குளிர் ஊர்க்காரர்கள், ஒருத்தனாவது, யார் அங்கே கத்தினது என்று கேட்பானா. கேட்க மாட்டான். எனக்கே வந்ததே அழுகை, கேட்கத் தோன்றவில்லையே எனக்கே. அவள் சொல்வது தப்பு என்று சொல்லவும் வாய் வரவில்லை, கலை என்று பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது, முதல் டேக்தான் கனமானது, ஆனால் கனத்தை யார் தலையில் வைக்கிறாய், சொல்லு. இத்தனை நாள் அவன்கள் என்னை ஃப்ரேமை விட்டுத் தள்ளினான்கள், அதையாவது திட்டலாம். இப்போது நானே போனதாக எழுதி வைத்துவிட்டால் யாரைத் திட்டுவது.

இரண்டாவது டேக்கை வை என்றேன். அது முடியாதுக்கா என்றாள், முதல் தடவை அமைந்ததிலேயே மனசு போய்விட்டதால் ஃபோகஸை ஜோயல் மேலேயே வைக்கச் சொல்லிவிட்டாளாம், நான் நிற்பது மங்கலாகத்தான் விழுந்திருக்கிறதாம். எனக்குச் சொல்லாமல் செய்த வேலை அது, அதற்கு வேறு ஒரு நாள் இருக்கிறது இவளுக்கு. மங்கினால் மங்கட்டும் என்றேன். அழகா இல்லக்கா என்றாள். நான் அழகா நின்னேன்னு எவ சொன்னா என்றேன். அவளும் சும்மா இல்லை, தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு ஒரு வழி கொண்டுவந்தாள், அதைக் கேட்டதும் எனக்கே சபலம் தட்டியது. படம் இப்படியே இருக்கட்டும், ஆனால் அந்தக் காலி மேஜைகள் மேல் என் மூச்சு கேட்கட்டும், ஆள் தெரியாது, மூச்சு மட்டும் நிற்கும், போனவள் போகவில்லை என்று தெரியும். என்ன புத்தி இந்தப் பெண்ணுக்கு. உடம்பெல்லாம் சிலிர்த்தது. சரி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடாரம் கேட்டுவிட்டு எத்தனை தடவை தார்ப்பாய்க்குச் சரி சொல்லியிருக்கிறேன், பாதிக்குப் பாதி, அதுவும் இல்லாததற்கு இது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், அப்படித்தானே வளர்ந்தேன். அடுத்த தடவை ஏது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு எனக்கு இன்னொரு படம் யார் எடுப்பார்கள். மூச்சு போதுமாம். முழங்கையிலிருந்து மூச்சுக்கு இறங்கி வந்திருக்கிறேன்.

"மூச்சு தர மாட்டேன். காலடியும் தர மாட்டேன். நிக்கிறத வச்சா ரெண்டும் தரேன்."

"மிரட்டுறீங்களாக்கா?"

"பேரம் பேசுறேன். மிரட்டுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும், எனக்குப் பண்ணியிருக்காங்க."

அவள் எழுந்து கதவு வரை போனாள், திரும்பி வந்தாள். வேற ஆளை வச்சு மூச்சு எடுத்துக்குவேன் என்றாள். எடுத்துக்கோ என்றேன். அந்தக் குனிவில் எங்கே மூச்சு அடைக்கும், எங்கே விடும் என்று சொல்ல இந்த ஊரில் எவள் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். சோபாவில் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்குள் ஒருத்தி போதும்டி, கை கொடுத்த பெண், முதல் தடவை உன்னை ஆள் என்று பார்த்த பெண், இவள் படத்தைக் கெடுக்காதே என்று நச்சரித்தாள், அவள் சொல்வதிலும் பொய் இல்லை, நன்றி கெட்டவள் என்று பேர் வரும், வரட்டும், லைட் கம்பத்தைவிட அது ஒன்றும் கேவலமில்லை. அனகா கடைசியில் ரஷீத் தோளைத் தட்டினாள். அவன் தேடி எடுத்து ஓட்டினான்.

மோசமாகத்தான் இருந்தது. ஜோயல் நடுவில் வருகிறான், தெளிவாக வருகிறான், அவன் புருவத்து வியர்வைகூட எண்ணலாம், பின்னால் நான் ஒரு நீலக் கறை மாதிரி, கண் மூக்கு கிடையாது, கை இரண்டும் மறந்துபோய்த் தொங்குகின்றன, முட்டி ஆடுவது மட்டும் நன்றாகத் தெரிகிறது. அந்தச் சிலிர்ப்பு இல்லை. ஒரு நளினம் இல்லை. இவளா அழகி, இதற்கா இத்தனை ரகளை என்று எனக்கே கூசியது, முகத்தைத் திருப்பிக்கொள்ளலாமா என்று இருந்தது. திருப்பவில்லை. ஜோயல் திரும்பினான். ஆள் இருக்கிறது. அவன் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, நெஞ்சை நிமிர்த்தி வைத்திருந்தவன் தோளைத் தொங்கவிட்டான், ஆடுகிறவன் மாதிரி நிற்பதை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவரைப் பார்த்தவன் மாதிரி நின்றான், மூக்கைப் புறங்கையால் துடைத்தான். நான் நிற்கிறேன். எதையும் செய்யவில்லை. வழியும் விடவில்லை. அனகா நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், அவளும் முகத்தைத் திருப்பவில்லை.

"நான் இதை வெறுக்கிறேன்க்கா," என்றாள்.

"வெறு. வெறுத்துக்கிட்டே அனுப்பு."

அப்புறம் ரஷீத்திடம், முதல் டேக்கை எடுத்துட்டு இதைப் போடுங்க என்றாள், பாவம்தான். அவன் பழைய முடிவை எடுத்துவிட்டு இதை ஒட்டினான், கை விசையின் மேல் நின்றது, எங்க வெட்டட்டும் என்று அவளைக் கேட்டான், அவள் என் பக்கம் கையைக் காட்டினாள், அவன் என்னைப் பார்த்தான்.

"நான் நகர்ற வரைக்கும் ஓடட்டும் தம்பி."

ஓட்டினான். திரையில் நான் நகரவில்லை.